இறுவட்டு அழிந்தால் விளையாட்டும் அழிய வேண்டுமா?

மன்னார்க் கரையோரத்தில் வாழ்வோர்க்கு உப்புக் காற்றின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கதவின் கீல், மிதிவண்டியின் சங்கிலி, வானொலிப் பெட்டியின் உட்கம்பி ஆகிய யாவற்றையும் அஃது ஓசையின்றித் தின்றுவிடும். முத்துக்குளிப்பைக் கண்காணிப்பதற்கென ஆங்கிலத் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் என்பார் 1801க்கும் 1804க்கும் இடையில் அரிப்பிற் கட்டுவித்த மாளிகையும் இன்று கடலரிப்பினால் இடிந்து சிதைந்து நிற்கின்றது. மாளிகைக்கே இக்கதியாயின், வீட்டு அலுமாரியின் மூலையிற் கிடக்கும் மெல்லிய இறுவட்டு ஒன்றின் கதி யாதாகும்?

இக்கேள்வி வீண் கேள்வியன்று. இன்று முப்பது, நாற்பது வயதை எட்டியிருப்போருட் பலர், இளமையில் உறவினர் கொண்டுவந்து கொடுத்த பிளே ஸ்டேஷன் போன்ற கருவிகளைத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து விளையாடி மகிழ்ந்தவர்கள். அக்கருவிகளுட் பல இன்று இயங்குவதில்லை. வட்டுகளோ கீறல் விழுந்தும் பூஞ்சணம் பூத்தும் கிடக்கின்றன. “நான் விளையாடியதை என் பிள்ளைக்குக் காட்ட இயலுமா?” என்று அவர்கள் கேட்கின்றனர். இயலும். அதற்குரிய வழி ‘வட்டுப் படிமம்’ எனப்படும் கோப்பாகும். அஃது யாது, அதனை எங்ஙனம் எடுப்பது, எங்ஙனம் பயன்படுத்துவது என்பவற்றை இக்கட்டுரையிற் காண்போம்.

கூத்துக் கொப்பி கற்பிக்கும் பாடம்

அழியும் பொருளிலிருந்து அழியாத பொருளைப் பிரித்தெடுக்கும் கலை நமக்குப் புதியதன்று. மன்னார், மாதோட்டப் பகுதிகளில் வழங்கும் கத்தோலிக்கக் கூத்துகளை எண்ணிப் பாருங்கள். மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என வகுத்துப் பேசப்படும் நாடகங்களும், வாசகப்பாக்களும் தலைமுறை தலைமுறையாகக் கையெழுத்துப் பிரதிகளிலேயே வாழ்ந்து வந்தன. ஏடு செல்லரிக்கும், காகிதம் பொடியாகும். ஆயினும், பொடியாகுமுன் ஒருவர் அதனைப் பார்த்து மற்றொரு பிரதி எழுதி வைத்தாராயின் கூத்து பிழைத்துக்கொள்ளும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பதிப்பித்த என்றீக் எம்பரதோர் நாடகம் 1964இலும், மூவிராசாக்கள் நாடகம் 1966இலும் அச்சேறின. அதனாலேயே அவற்றை இன்றும் நாம் படிக்கின்றோம்.

இப்பிரதிகள் நமக்கு மூன்று பாடங்களைக் கற்பிக்கின்றன. முதலாவது, மூலம் அழியுமுன் பிரதி எடுத்தல் வேண்டும். இரண்டாவது, பிரதி முழுமையாக இருத்தல் வேண்டும். பாட்டை மட்டும் எழுதிவிட்டு, இது தரு, இது விருத்தம், இது வசனம் என்னும் குறிப்புகளை விட்டுவிட்டால் பின்வருவோர் அதனைப் பாட அறியாது திகைப்பர். மூன்றாவது, கொப்பி மட்டும் கூத்தாகிவிடாது. அதனை ஆட்டுவிக்க அண்ணாவியார் ஒருவர் வேண்டும். வட்டுப் படிமத்தைப் பற்றி அறிய வேண்டியன அனைத்தும் இம்மூன்றினுள் அடங்கும்.

வட்டினுள் இருப்பது யாது?

பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கிய இறுவட்டு 1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. அதன் விட்டம் 12 சென்ரிமீற்றர், தடிப்பு 1.2 மில்லிமீற்றர். தெளிந்த பிளாஸ்ரிக்கின் மேல் ஒளியைத் திருப்பும் மெல்லிய உலோகப் படலமும், அதன் மேல் ஒரு மெருகுப் பூச்சும், அதற்கும் மேல் பெயர் அச்சிட்ட பகுதியும் உள்ளன. நடுவிலிருந்து வெளிப்புறமாகச் சுருண்டு செல்லும் ஒரே தடத்தில், கண்ணுக்குப் புலப்படாத பள்ளங்களாகச் செய்தி பதிக்கப்பட்டிருக்கும். இத்தடத்தை நேராக நீட்டினால் 5 கிலோமீற்றருக்கும் அதிகமாகும். மன்னார்த் தீவைப் பெருநிலத்தோடு இணைக்கும் தாம்போதி ஏறத்தாழ 3 கிலோமீற்றர் நீளமே உடையது என்பதை நினைத்தால், உள்ளங்கையளவு வட்டின் விந்தை விளங்கும்.

இந்நெடுந்தடம் சிறு சிறு கூறுகளாக வகுக்கப்பட்டுள்ளது. ஒரு செக்கனுக்கு 75 கூறுகள். 74 நிமிட வட்டில் 3,33,000 கூறுகள். ஒவ்வொரு கூறும் 2,352 பைற்று கொண்டது. கணினிச் செய்தி எழுதப்பட்ட சாதாரணக் கூறு ஒன்றில், அவற்றுள் 2,048 பைற்று மட்டுமே உண்மையான செய்தியாகும். எஞ்சிய 304 பைற்றும் எதற்கு? கூறு எங்கே தொடங்குகின்றது, அதன் இலக்கம் யாது என்பவற்றை அறிவிக்கவும், பிழை நேர்ந்தால் திருத்தவும் அவை வைக்கப்பட்டுள்ளன. செய்யுளில் ஓரெழுத்துச் செல்லரித்துப் போனாலும், எதுகை மோனை அறிந்த புலவர் அங்கே இருந்த எழுத்து யாதென உணர்ந்து கொள்வாரன்றோ? அவ்வாறே, சிறு கீறலால் மறைந்த செய்தியை இத்திருத்தக் குறிகளைக் கொண்டு கருவி கணக்கிட்டுப் பெறுகின்றது. கீறல் பெரிதானால் புலவரும் கைவிரிப்பார், கருவியும் கைவிரிக்கும்.

இங்கு ஒரு செய்தியைப் பெற்றோரும் மாணவரும் மனத்திற் கொள்க. வட்டின் பளபளப்பான அடிப்பக்கமே மென்மையானது என்று பலரும் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. உலோகப் படலம் பெயர் அச்சிட்ட மேற்பக்கத்தை ஒட்டியே இருக்கின்றது. அடிப்பக்கத்துக் கீறலை மெருகிட்டுப் போக்குதல் கூடும். மேற்பக்கத்தில் விழும் ஆழ்ந்த கீறலோ படலத்தையே பெயர்த்துவிடும். அங்ஙனம் பெயர்ந்த செய்தி மீளாது.

படிமம் என்பது யாது?

வட்டிலுள்ள கோப்புகளைக் கணினியில் ஒரு கோப்புறைக்குள் இழுத்து விடுதல் படிமம் ஆகாது. அது கொப்பியிலிருந்து சில பாட்டுகளை மட்டும் பொறுக்கியெடுத்ததற்கு ஒப்பாகும். வட்டின் முதற் கூற்றிலிருந்து இறுதிக் கூறு வரை, வெறுமையாய் உள்ள இடங்களையும் விடாது, இருந்த ஒழுங்கிலேயே எடுத்துவைத்த முழுப் பிரதியே வட்டுப் படிமம் எனப்படும்.

இப்படிமங்களிற் பல வகைகள் உண்டு. ‘ஐஎஸ்ஓ’ என்னும் ஈற்றுப் பெயருடைய கோப்பு எளிமையானது. கோப்புகளை வட்டில் அடுக்கும் முறைக்கென 1988இல் வெளியான அனைத்துலக நியமத்தின் பெயரால் அது வழங்குகின்றது. அதில் பொதுவாக ஒவ்வொரு கூற்றின் 2,048 பைற்றுச் செய்தி மட்டுமே இருக்கும். டீவீடி வட்டில் வந்த பிளே ஸ்டேஷன் 2 விளையாட்டுகளுக்கு இதுவே போதுமானது.

ஆனால், 1994 டிசம்பரில் ஜப்பானில் வெளிவந்த முதலாவது பிளே ஸ்டேஷனுக்கும், அதற்குச் சில நாட்கள் முன்னர் வந்த சேகா சற்றேர்ன் கருவிக்கும் ஐஎஸ்ஓ போதாது. அக்காலத்து விளையாட்டுகள் பலவற்றில் முதற்தடத்தில் விளையாட்டும், அடுத்த தடங்களில் சாதாரணப் பாட்டு வட்டிற் போல இசையும் பதிக்கப்பட்டிருந்தன. ‘றிட்ஜ் றேசர்’ என்னும் ஓட்டப்பந்தய விளையாட்டு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அன்றியும், பிளே ஸ்டேஷன் வட்டுகளில் ஒலியும் அசைபடமும் உள்ள சில கூறுகள், திருத்தக் குறிகளின் இடத்தையும் செய்திக்கே பயன்படுத்தி 2,324 பைற்று வரை கொள்ளும். 2,048 பைற்றை மட்டும் வெட்டியெடுத்தால் விளையாட்டு ஊமையாகிவிடும். சிலவேளை நடுவழியில் நின்றும்விடும்.

ஆகலின், இவ்வட்டுகளுக்கு ‘பின்’, ‘கியூ’ என்னும் இரட்டைக் கோப்புகளே ஏற்றவை. ‘பின்’ கோப்பில் 2,352 பைற்றும் ஒன்றுவிடாது இருக்கும். 74 நிமிட வட்டு முழுமையும் நிறைந்திருந்தால் அது 78 கோடி பைற்றுக்கு மேலாகும். 2,048 வீதம் எடுத்த ஐஎஸ்ஓ ஏறத்தாழ 68 கோடியே ஆகும். ‘கியூ’ கோப்போ சில வரிகளே உடைய சிறு எழுத்துக் குறிப்பு. எத்தனை தடங்கள், அவற்றுள் எது செய்தி, எது இசை, ஒவ்வொன்றும் எந்த நிமிடத்தில் எந்தச் செக்கனில் தொடங்குகின்றது என்பவற்றை அது கூறும். தரு, விருத்தம், வசனம் என்று கூத்துக் கொப்பியில் எழுதும் குறிப்புக்கு இது நேரானது. இதனைச் சாதாரண எழுத்து மென்பொருளிலே திறந்து படிக்கலாம்.

இதிலிருந்தே ஒரு நடைமுறை உண்மையும் பெறப்படும். ‘கியூ’ கோப்பினுள் ‘பின்’ கோப்பின் பெயர் எழுதப்பட்டிருக்கும். அழகுக்காக ஒருவர் ‘பின்’ கோப்பின் பெயரை மாற்றிவிட்டுக் ‘கியூ’ கோப்பினுள் மாற்றாது விட்டால், விளையாட்டு திறவாது. “படிமம் பழுதாயிற்று” என வருந்துவோருட் பலருக்கு நேர்ந்தது இச்சிறு தவறே. அதுபோலவே, ‘பின்’ என்னும் ஈற்றை அழித்து ‘ஐஎஸ்ஓ’ என எழுதுவதால் கோப்பின் தன்மை மாறிவிடாது. சட்டையை மாற்றினால் ஆள் மாறுவதில்லை.

‘சீஎச்டி’ என மற்றொரு வகையும் உண்டு. பழைய விளையாட்டுப் பொறிகளைப் பேணும் நோக்குடன் 1997இல் தொடங்கிய ‘மேம்’ என்னும் மென்பொருள் முயற்சியிற் பிறந்தது அது. ஒரு பைற்றையும் இழக்காது படிமத்தைச் சுருக்கி, எல்லாத் தடங்களையும் ஒரே கோப்பில் அடக்கிவிடும். வேண்டும்போது பழைய வடிவுக்கு மீட்டும் கொள்ளலாம். இடம் குறைந்த கணினி உடையோர்க்கு இது மிகவும் உகந்தது.

ஆட்டுவிக்கும் அண்ணாவியார்

கொப்பி கிடைத்தது, அண்ணாவியார் யார்? அவரே ‘எமுலேற்றர்’ எனப்படும் மென்பொருள். ஒரு கருவியின் செயலை வேறொரு கருவி அவ்வண்ணமே செய்துகாட்டும்படி எழுதப்பட்டது அது. இவ்வெண்ணம் விளையாட்டுக்காகப் பிறந்ததன்று. 1964இல் ஐபிஎம் நிறுவனம் தன் புதிய ‘சிஸ்டம் 360’ கணினிகளை அறிவித்தபோது, முந்திய 1401 கணினிக்கென எழுதிய வேலைகளைப் புதியதிலும் நடத்த இவ்வுபாயத்தையே கையாண்டது. பழைய உழைப்பு வீணாகலாகாது என்பதே அன்றும் நோக்கம், இன்றும் நோக்கம்.

முதலாவது பிளே ஸ்டேஷனின் மூளை செக்கனுக்கு ஏறத்தாழ 3 கோடியே 39 இலட்சம் துடிப்புகளில் இயங்கியது. அதன் பிரதான நினைவகம் 2 மெகாபைற்று. இன்றைய சாதாரண மடிக்கணினியும் கைத்தொலைபேசியும் இதனினும் பன்மடங்கு வலியன. ஆகலின் அவற்றில் இயங்கும் ‘டக் ஸ்டேஷன்’ போன்ற எமுலேற்றர் தளர்வின்றி அக்கருவியாக நடிக்கும். பிளே ஸ்டேஷன் 2க்குப் ‘பிசிஎஸ்எக்ஸ் 2’ உண்டு; அதற்குச் சற்று வலிய கணினி வேண்டும்.

அண்ணாவியாருக்கும் ஒரு காப்புப் பாட்டு உண்டு. கருவியைத் தட்டியவுடன் முதன்முதல் விழித்தெழும் சிறு மென்பொருளை ‘பயோஸ்’ என்பர். பிளே ஸ்டேஷனில் அது 512 கிலோபைற்று அளவினது. எமுலேற்றர்கள் பலவும் இதனைக் கேட்கும். இது வட்டில் இல்லை, கருவியினுள் இருப்பது. தாமே எழுதிய மாற்றினைக் கொண்டு இயங்கும் எமுலேற்றர்களும் சில உள.

எடுக்கும் முறை

முதலில் வட்டைத் தூய்மை செய்க. மென்மையான பருத்தித் துணியால், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைத்தல் வேண்டும். வட்டமாகத் துடைத்தால், அத்துணியில் ஒட்டிய மணற்றுகள் ஒன்று தடத்தின் வழியே நீண்ட கீறலை ஏற்படுத்தும்; அத்தகைய கீறலைத் திருத்தக் குறிகளாலும் சரிசெய்தல் அரிது. மணல் மலிந்த தலைமன்னார், பேசாலை வீடுகளில் இவ்வெச்சரிக்கை மிகவும் வேண்டற்பாலது.

பின்னர் கணினியின் வட்டு வாசிப்பியில் அதனை இட்டு, படிமம் எடுக்கும் மென்பொருள் ஒன்றை இயக்குக. ‘இம்க்பேர்ன்’ என்பது பலரும் அறிந்தது. வேகத்தைக் குறைத்து வைப்பது நன்று. எட்டு மடங்கு வேகத்திலே வாசித்தாலும் முழு வட்டுக்கு ஏறத்தாழப் பத்து நிமிடமே செல்லும். வாசிக்க இயலாத கூறு வந்தால் மென்பொருள் அதனை அறிவிக்கும். அவ்வறிவிப்பைப் பொருட்படுத்தாது ‘தாண்டிச் செல்’ என்று அழுத்துதல் ஆகாது. மீண்டும் துடைத்து மீண்டும் முயல்க. வேறொரு வாசிப்பியில் இட்டும் பார்க்க. ஒன்று தடுமாறிய இடத்தை மற்றொன்று எளிதில் வாசித்துவிடுதலும் உண்டு.

இரண்டு மூன்று வட்டுகளில் வந்த விளையாட்டுகளுக்கு ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்தல் வேண்டும். 1997இல் வெளிவந்த ‘பைனல் பாண்டசி 7’ மூன்று வட்டுகளில் வந்தது. ஒன்று குறைந்தாலும் கதை நடுவில் அறுந்துவிடும். ஐரோப்பாவிலிருந்து வந்த வட்டுகள் சிலவற்றில், நகலெடுப்பைத் தடுக்கும் இரகசியக் குறிகள் தடத்தோடு ஓடும் துணைச் செய்தியில் மறைக்கப்பட்டுள்ளன. சாதாரணப் படிமத்தில் அவை வாரா. அவற்றையும் வாசிக்கவல்ல மென்பொருள் வேண்டும். சேகா ட்ரீம்காஸ்ட், நின்ரெண்டோ கேம்கியூப் ஆகியவற்றின் வட்டுகளோ தனி வகையின; பெரும்பாலான கணினி வாசிப்பிகளால் அவற்றைப் படிக்க இயலாது. இவற்றை முன்னரே அறிந்திருந்தால் வீண் முயற்சி குறையும்.

பிரதி சரியானதா?

ஏடெழுதியவர் எழுதி முடித்ததும் மூலத்தோடு ஒப்புநோக்குதல் மரபு. எழுபது கோடிக்கு மேற்பட்ட பைற்றுகளைக் கண்ணால் ஒப்பிடுதல் நடவாத காரியம். அதற்குக் கணிதம் கைகொடுக்கின்றது. கோப்பு முழுவதையும் ஒரு கணக்கினுள் செலுத்தி, ‘எம்டி5’ என்னும் 32 இலக்கக் கைரேகை ஒன்றைப் பெறலாம். கோப்பில் எங்கேனும் ஓரிடத்தில் ஒரு சிறு குறி மாறினாலும் கைரேகை முற்றாக மாறிவிடும். ஒரே வட்டை இருமுறை வாசித்து, இரு கைரேகைகளும் ஒத்திருந்தால் நம்பிக்கை பிறக்கும். உலகெங்கும் உள்ள ஆர்வலர்கள் தத்தம் வட்டுகளின் கைரேகைகளைத் திரட்டி வைக்கும் ‘ரீடம்ப்’ என்னும் பட்டியலோடும் ஒத்திருந்தால் ஐயத்திற்கு இடமேயில்லை.

இக்கைரேகையை ஒரு தாளில் எழுதி வட்டின் உறையினுள் வைத்தல் நன்று. பல ஆண்டுகள் கழித்துப் படிமத்தைத் திறக்கும்போது, அது இடையிற் கெட்டதா என்பதை மறுபடி கணக்கிட்டு அறியலாம். படிமமும் ஒரே இடத்தில் இருத்தலாகாது. வன்தட்டில் ஒன்று, தனியே எடுத்து வைக்கும் வேறொரு தட்டில் ஒன்று, வேற்றூரிலுள்ள உறவினர் வீட்டில் ஒன்று என மூன்றாக வைத்தலே பாதுகாப்பு. வெள்ளத்தாலும் போராலும் வீடு வாசலை இழந்து இடம்பெயர்ந்த அனுபவமுடைய நம் மக்களுக்கு இதன் காரணத்தை விரித்துரைக்க வேண்டியதில்லை.

உரிமையும் ஒழுக்கமும்

“பிறர் எடுத்த படிமங்கள் இணையத்திற் கிடக்கின்றனவே, நாம் ஏன் பாடுபட வேண்டும்?” என மாணவர் சிலர் கேட்கக்கூடும். விளையாட்டும் ஓர் ஆக்கம். அதற்கு உரியவர் உளர். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களுக்குப் பாதுகாப்பு அளிக்கின்றது. அதே சட்டம், நிரலின் பிரதி ஒன்றை முறைப்படி உடையவர், அது தொலைந்தாலோ பழுதுற்றாலோ ஈடுசெய்வதற்காகவும் பேணி வைப்பதற்காகவும் ஒரு பிரதி எடுத்துக்கொள்ளவும் இடந்தருகின்றது. தன் வட்டிலிருந்து தனக்கென எடுப்பது ஒன்று. பிறர் பொருளைப் பெறுவதும் விற்பதும் வேறொன்று. பயோஸ் மென்பொருளுக்கும் இவ்வேறுபாடு பொருந்தும்.

எமுலேற்றர் என்னும் கருவியையே குற்றமென எண்ணுதலும் பிழையாகும். சோனி நிறுவனம் கனெக்டிக்ஸ் என்னும் நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கில், 2000ஆம் ஆண்டு அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம், பயோஸின் செயலை ஆராய்ந்தறிவதற்காக அதனைப் பிரதிசெய்தது நியாயமான பயன்பாடே எனத் தீர்ப்பளித்தது.

காலம் கடவாமை

விளையாட்டுத்தானே, அழிந்தால் என்ன என்று சிலர் கூறலாம். 2023இல் அமெரிக்காவின் விளையாட்டு வரலாற்று நிறுவனம் ஒன்று வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையிற் கிடைப்பதில்லை. உரியவரே விற்காத நிலையில், வீடுகளிலுள்ள வட்டுகளே அவற்றின் எஞ்சிய சாட்சிகளாகின்றன.

அன்றியும், இக்கலையைக் கற்றவர் கையில் விளையாட்டு மட்டுமா பிழைக்கும்? அதே அலுமாரியில் திருமண வீட்டுக் காட்சிகளும், கோயிற் பெருநாட் பாட்டுகளும், கூத்து மேடையேறிய இரவின் ஒளிப்பதிவும் இறுவட்டுகளில் இருக்கக்கூடும். தொழிற்சாலையில் அச்சிட்ட விளையாட்டு வட்டினும், வீட்டிலும் கடையிலும் எழுதிய இவ்வட்டுகள் விரைந்து கெடுவன. வெயிலும் வெப்பமும் அவற்றின் சாயத்தை வெளிறச் செய்யும். விளையாட்டு வட்டில் கைபழகிய மாணவன், மறுநாள் பாட்டனாரின் குரலைக் காப்பாற்றுவான். ஈழத்து நூல்களையும் இதழ்களையும் 2005 முதல் மின்வடிவாக்கிப் பேணிவரும் நூலகத் திட்டத்தின் பணியும் இவ்வகையினதே.

கூத்துக் கொப்பியை இரவிரவாக விளக்கொளியில் பெயர்த்தெழுதியோர் நம் முன்னோர். நமக்கு வேண்டுவதோ ஒரு கணினியும் பத்து நிமிடமும் சிறிது பொறுமையுமே. விடுமுறை நாளொன்றில் பெற்றோரும் பிள்ளைகளும் கூடியமர்ந்து, அலுமாரியைத் திறந்து, மங்கத் தொடங்கிய வட்டு எதுவோ அதனை முதலில் எடுத்துத் தொடங்குவார்களாக. உப்புக் காற்று நமக்காகக் காத்திராது.